வேலம்மாக்காவின் விதைப்பூண்டு

1

படிவம் நிரப்புவது எனக்குப் பழகிப்போன வேலை. லண்டனுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. வீட்டுக்கு ஒன்று, மகளைப் பள்ளியில் சேர்க்க ஒன்று, பல் பிடுங்க ஒன்று என்று நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது என்று சொன்னால் கவுன்டரில் இருக்கும் பெண் பாவமாகப் பார்ப்பாள். சரி போ என்று அப்பா பெயரைத் தூக்கி அதில் போட்டேன். அன்றிலிருந்து இந்த ஊரில் எல்லோரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பழனி மலைக்கோயிலுக்குப் பூக்கட்டியே ஆயுளைக் கழித்த மனுஷர், லண்டன் தபால்காரர் வாயில் அரைபட்டுக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் வந்த படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தை மட்டும் என்னால் நிரப்ப முடியவில்லை. அனுப்பியவர்கள் ஒரு ஏரிக்கரை ஊரில் வருடந்தோறும் திரைப்பட விழா நடத்துபவர்கள். ஜப்பான், வங்காளம், பாரசீகம் என்று ஆசியாவிலிருந்து தங்கள் விழாவுக்கு வந்து பேர் வாங்கிய டைரக்டர்கள், நடிகர்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். ஆளுக்கு ஒரு பக்கம். எங்கள் படத்தின் கதாநாயகி வேலம்மாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் டைரக்டர் வேறொரு விழாவில் நடுவராகப் போயிருப்பதால், விவரம் வேண்டுமானால் எனக்கு எழுதச் சொல்லிவிட்டார்.

பெயர், பிறந்த ஊர் எழுதினேன். நடித்த படங்கள்: ஒன்று. பெற்ற பரிசுகள்: ஒன்று. அந்தப் பரிசை அவருக்குப் பதிலாக மேடையேறி வாங்கியவன் நான்தான். ஒரு சாண் உயரத்தில் வெண்கலப் பறவை. அனுப்ப வேண்டும், அனுப்ப வேண்டும் என்று சொல்லியே பத்து வருடமாக எங்கள் வீட்டு ரேடியோ மேல் உட்கார்ந்திருக்கிறது.

கடைசிக் கட்டம்: தற்போதைய தொழில்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

2

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஐம்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஒரு டைரக்டருக்கு உதவியாளன். இருபத்து நான்கு வயது. ஸ்டுடியோ அட்டைச் சுவர்களைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். நிஜ ஊரில், நிஜ வீட்டில், நிஜ மனிதர்களை வைத்து எடுக்கப்போகிறேன் என்று கிளம்பினார். "நீ பழனிக்காரன்தானே, மலை மேல ஒரு ஊர் காட்டு" என்றார். கோடைக்கானல் தாண்டி, பஸ் நின்றுபோகும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் வரும் ஒரு பூண்டு விளையும் ஊரைக் காட்டினேன். ஊர்ப் பேர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

அங்கேதான் வேலம்மாளைப் பார்த்தோம். முப்பது வயது இருக்கும். களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்து, "யாருங்க நீங்க, மலேரியாவுக்கு மருந்து அடிக்க வந்தவுகளா?" என்று கேட்டார். டைரக்டர் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். புருஷனை இழந்து, பிள்ளையோடு ஒற்றையாய் நின்று வெள்ளாமை செய்யும் பெண்ணின் கதை. வேலம்மாக்காவின் புருஷன் முத்தையா திடகாத்திரமாகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சம்மதம் வாங்க நாலு நாள் ஆனது. "படத்துக்குத்தான் பொட்டழிக்கிறது, அதுல ஒண்ணும் இல்லீங்க அண்ணே" என்று பேசிப்பேசி வாங்கியவன் நான். கோயில்காரர் வீட்டுப் பையன் சொன்னால் மலைமேல் ஒரு மதிப்பு உண்டு.

அடுத்த இடைஞ்சல் பூண்டு. மலைப்பூண்டை ஆவணி வாக்கில் அறுவடை செய்து, தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவார்கள். கீழே எரியும் அடுப்பின் புகைதான் அதற்குக் காவல். அதிலிருந்துதான் சித்திரைக்கு விதை எடுப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் புகை இல்லாமல் கிடந்தால் உள்ளே பல் கெட்டு நீராகிவிடும். மேல்தோல் மட்டும் நல்லபடியாகவே இருக்கும்.

நாங்கள் போயிருந்ததோ ஐப்பசியில். எங்கள் கேமராமேனுக்கு அந்தப் பரணில் விளக்குகள் கட்ட வேண்டும். அடுப்பும் எரியக்கூடாது. ஒரு ஷாட்டில் புகை அதிகமாகவும் அடுத்த ஷாட்டில் குறைவாகவும் இருந்தால் ஒட்டாது.

முத்தையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஏழு வாரம் பொகை இல்லாம வெதை கெடந்தா என்னத்துக்கு ஆகும் தம்பி? சோத்துக்கு எங்க போவேன்?"

"ஊர்க்கோடி கொட்டகைக்கு மாத்திருவோம்ணே. காலையிலயும் சாயங்காலமும் நானே பொகை போடுறேன். முருகன் மேல சத்தியம்."

கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். அவரும் நம்பினார். பழனியான் மேல் சத்தியம் செய்துவிட்டு எவன் ஏமாற்றுவான்?

3

அந்தக் கொட்டகையில்தான் பிலிம் பெட்டிகளும் இருந்தன. அந்தக் காலத்து பிலிம், நெருப்பைக் கண்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். முதல் நாள் வெள்ளனே எழுந்து ஈர விறகை அடுக்கினேன். தீக்குச்சியை உரசுவதற்குள் கேமராமேன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "அறிவிருக்கா உனக்கு? ஊரையே கொளுத்தப் பாக்குறியா?"

சரி, பூண்டை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் ஜெனரேட்டர் மக்கர் பண்ணியது. அப்புறம் டைரக்டருக்குக் காய்ச்சல். கொட்டகைச் சாவி என் இடுப்பில் இருந்தது. வேறு யாரும் உள்ளே போக முடியாது.

முத்தையா தினமும் கேட்பார். "பொகை போட்டாச்சா தம்பி?"

"வெள்ளனே போட்டாச்சுங்கண்ணே."

ஏழு வாரம். ஒவ்வொரு நாளும் கேட்டார், ஒவ்வொரு நாளும் சொன்னேன். முதல் வாரம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். மூன்றாவது வாரம் வாய் தானாகச் சொல்லிற்று. மனசு இப்படித்தான் மரத்துப்போகும்போல.

இதற்கு மேல் ஒன்று செய்தேன். படப்பிடிப்பு முடிந்து பிலிம் பெட்டிகள் மலை இறங்கியதும், கொட்டகையைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் விடாமல் புகை போட்டேன். பூண்டுத்தோல் நன்றாகப் பழுப்பேறி, கட்டுக்குக் கட்டு புகைவாசம் அடித்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது வேலம்மாக்கா ஒரு கட்டை முகர்ந்து பார்த்து, "எங்க மாமியா போட்டாக்கூட இம்புட்டு நல்லா இருக்காது தம்பி" என்றார். எனக்கு ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அவர்கள் என்னைச் சந்தேகப்படாமல் போனது அந்த இரண்டு நாள் புகையால்தான்.

4

பங்குனியில் விழாவிலிருந்து அழைப்பு வந்தது. டைரக்டருக்கு ஒரு இடம், கதாநாயகிக்கு ஒரு இடம். வேலம்மாக்காவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். படிவத்தில் கைநாட்டு வாங்கி வரச்சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது சித்திரை பிறந்து நடவு நடந்துகொண்டிருந்தது. முத்தையா வீட்டுப் பாத்திகள் மட்டும் கொத்தி விட்டபடியே கிடந்தன.

வாசலில் பூண்டைக் குவித்து வைத்திருந்தார்கள். முத்தையா ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். தோல் நன்றாக இருந்தது. விரலால் அமுக்கினேன். உள்ளே ஒன்றுமில்லை.

"அம்புட்டும் இப்பிடித்தான் கெடக்கு" என்றார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். நடவன்றைக்கு முதல் பல்லை வீட்டுப் பெண்தான் ஊன்ற வேண்டும். வேலம்மாக்காவின் கை ராசியான கை என்று பேர். பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூட அவரைக் கூப்பிட்டு ஊன்றச் சொல்வார்கள். அந்தச் சித்திரையில் எவரும் கூப்பிடவில்லை. உயிரோடு இருக்கும் புருஷனுக்கு முன்னாலேயே பொட்டை அழித்துவிட்டு அழுதவள், அவள் கை விதையில் படக்கூடாது என்று பெண்கள் பேசிவிட்டார்கள். இரவலாக விதை கேட்டுப்போனபோதும் அதையே சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

வேலம்மாக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண்கள் வீங்கியிருந்தன.

"தம்பி, நீங்க கோயில்காரவுக. உங்களுக்குத் தெரியும். சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதீங்க. நான் பொட்டழிச்சதுனாலயா?"

இல்லை அக்கா, நான் புகை போடவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஐந்தே வார்த்தை. என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"பழனி மலைக்கு வந்து ஒரு நெய்விளக்குப் போடுங்கக்கா. முருகன் எல்லாத்தையும் சரி பண்ணிருவான்."

மடியில் இருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து அவர் நெற்றியில் வேறு பூசினேன். அவர் கும்பிட்டார். ஆமாம், குற்றம் உன்னுடையதுதான் என்று நான் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பாஸ்போர்ட் படிவத்தைப் பையிலிருந்து வெளியிலேயே எடுக்கவில்லை. கப்பலிலும் ரயிலிலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் போவேன்? சென்னைக்குத் திரும்பி, "வரமாட்டேங்குறாங்க சார், நடவு சோலி இருக்காம்" என்றேன். "அப்ப நீயே வா" என்றார் டைரக்டர்.

நான் வெளிநாடு வந்த கதை இதுதான்.

5

விழாவைப் பற்றி என்ன சொல்ல? ஏரி இருந்தது, படகு இருந்தது, எங்கள் கோடைக்கானல் போலவே குளிர் இருந்தது. கதாநாயகி எங்கே என்று பத்திரிகைக்காரர்கள் டைரக்டரைக் கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். "அவருக்குப் பரிசெல்லாம் பொருட்டில்லை. தன் பூண்டுத் தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்" என்றேன். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். உலகம் கூப்பிட்டும் மண்ணை விட்டு வராத பெண். விழாக்காரர்களுக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் போதும், சர்க்கரைப் பொங்கல். அவர் ஒரே படத்தோடு நின்றுபோனதையும் பெரிய துறவு மாதிரி எழுதினார்கள். இரண்டாவது படத்துக்கு யாரும் கூப்பிடவில்லை என்பதை யாரும் எழுதவில்லை.

எங்கள் டைரக்டர் அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு விழா. முதலில் படத்தோடு போனார், பிறகு படமில்லாமல் நடுவராகப் போனார். அவர் மேல் தப்பு இல்லை. புகை விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. அடுப்படியில் வேலம்மாக்கா அழும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டிப் பல ஊர்களில் பாடம் எடுத்திருக்கிறார்.

ஒரே ஒருத்தர்தான் என்னைத் திணறடித்தார். ஜப்பானிலிருந்து வந்த வயதான நடிகர். பரிசளிப்புக்கு மறுநாள் மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். விவசாயி மகனாம். நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அந்த அம்மாவின் வீட்டுப் பரண் காலியாக இருக்கிறதே, விதையை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் பரணைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

"புகையில்" என்றேன்.

திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

திரும்பிப்போக மனம் வரவில்லை. டைரக்டர் ஊருக்குக் கிளம்பினார், நான் லண்டனுக்கு வந்தேன். ஒரு பிலிம் கூடத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு படச்சுருளை விரல் வழியே ஓடவிட்டுக் கீறல் பார்க்கும் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். பழனியோடு திரும்பிவிட்டேன், மலை ஏறவில்லை. என் மனைவி சரோஜா அய்யம்பாளையத்துக்காரி. அவள் அண்ணன் தாண்டிக்குடிக்கு ஜீப் ஓட்டுகிறார். ஒரு கடிதத்தில் சாதாரணமாக எழுதியிருந்தார்: மாப்பிள்ளை வேலை பார்த்த படத்தில் நடித்த அம்மா தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறதாம். பூண்டுக் காட்டை விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் படம் வந்த வருடமே இறங்கிவிட்டார்களாம். கூட வேலை செய்பவர்கள் அந்த அம்மாவைப் பார்த்து, "ஏலே, சினிமாக்காரி வாறா" என்று கேலி பண்ணுகிறார்களாம்.

அந்தக் கடிதம் வந்து ஆறு வருடம் ஆகிறது.

6

இந்தப் படிவம் வந்த வாரத்திலேயே படமும் வந்தது. விழாவில் மறுபடி திரையிடுவதற்காகப் பிரதி எடுத்து, சோதனைக்கு எங்கள் கூடத்துக்கே அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது சுருளில் அந்த அடுப்படிக் காட்சி. ஒவ்வொரு பிரேமாக விளக்கில் வைத்துப் பார்த்தேன். வேலம்மாக்கா அழுகிறார். தலைக்கு மேலே பரண் சுத்தமாக இருக்கிறது. கீறல் ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் தன் கட்டுரை நோட்டை நீட்டுகிறாள். எட்டு வயது. தமிழ் கேட்டால் புரியும். பதில் இங்கிலீஷில்தான் வரும். நான் போற்றும் பெண் என்று பள்ளியில் எழுதச் சொன்னார்களாம். ரேடியோ மேல் இருக்கும் பறவையைப் பற்றி எழுதியிருக்கிறாள். மலை மேல் ஒரு பூண்டுத் தோட்டத்து ராணி, உலகம் பரிசு கொடுத்தபோது வேண்டாம் என்றாள், என் அப்பா அவளுடைய நண்பர். ஆசிரியை பக்கத்தில் தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

என் பொய் என் பிள்ளை கையெழுத்தில் இருந்தது. நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை இங்குள்ள படச்சங்கத்தில் அதே படத்தைத் திரையிட்டார்கள். வருடா வருடம் என்னைப் பேசச் சொல்வார்கள். பூண்டுத் தோட்டக் கதையைச் சொல்வேன். இந்தத் தடவை எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். சத்தியம், சாவி, கடைசி இரண்டு நாள் புகை, விபூதி, எல்லாம். சொல்லி முடித்ததும் கை தட்டினார்கள். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து கை கொடுத்து, அடுத்த வருடமும் இதையே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடப்பாவிகளா! திட்டு வாங்கத்தானே எழுந்தேன்?

திட்டு வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கிடைத்தது. மகள் ஜன்னல் பக்கம் தூங்கிவிட்டாள். சரோஜா என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"ஒம்போது வருசம் ஒங்க கூட இருந்திருக்கேன். இத நான் ஊர்க்கூட்டத்தோட ஒக்காந்து கேக்கணுமா?"

மகள் மேல் கோட்டை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

"இங்க உள்ளவுககிட்ட சொல்லி என்னத்துக்கு? அவுக கை தட்டுவாக. சொல்ல வேண்டியவ தாண்டிக்குடியில கெடக்கா. பொட்டழிச்ச பாவம்னு நெனச்சுக்கிட்டு தெனம் செத்துக்கிட்டு இருப்பா. அவகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அந்த ஊர்ப் பொம்பளைகளுக்கு?"

"இல்ல."

"அப்பறம் என்ன பேச்சு பேசுனீங்க!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

7

மறுநாள் படிவத்தை முடித்தேன். தற்போதைய தொழில்: காப்பித் தோட்டக் கூலி. கட்டத்தில் இடம் போதவில்லை; பின்பக்கம் திருப்பிக் காரணத்தையும் எழுதினேன். அச்சடிப்பார்களா, தெரியாது. பறவையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து மைத்துனர் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். வேலம்மாக்கா கையில் அவரே கொடுத்துவிடுவார். பெட்டியோடு போகும் கடிதத்தையும் வாசித்துக் காட்டுவார். முத்தையா அண்ணனும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நேரில் வந்து நிற்கவும் வேண்டும். சரோஜா டிக்கெட் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் கடிதம் ஒரு வீட்டுக்குத்தான் போகும். பழி ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. இந்தப் பத்திரிகை கோடைக்கானல் பஸ் நிலையத்துக் கடைவரை போகும் என்று தெரியும். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். மலை மேல் பள்ளிக்கூடம் நடத்தும் வாத்தியார்கள் யாராவது அந்த ஊர்ப் பெண்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

தாய்மார்களே, அந்த வருடம் விதை கெட்டதற்கு வேலம்மாக்கா பொட்டழித்தது காரணம் இல்லை. முருகன் யாரையும் தண்டிக்கவில்லை. அவர் கையில் ஒரு குறையும் கிடையாது. வருகிற சித்திரைக்கு அவரைக் கூப்பிடுங்கள். உங்கள் பாத்தியில் முதல் பல்லை அவர் ஊன்றட்டும்.

முத்தையா அண்ணே, நீங்க தெனமும் கேட்டீங்க. நானும் தெனமும் பதில் சொன்னேன். இப்ப ஒரு தடவை சரியாச் சொல்லிர்றேன்.

பொகை போடலைங்கண்ணே. நீங்க கேட்ட ஒரு நாளும் போடலை.